பெயர் எழுதாத உறை

2024 ஜூலை 9, செவ்வாய்

காலை றெயில் அரை மணி தாமதம். வெள்ளவத்தையில் இறங்கி மழையில் ஓடி வந்தும், ஹமீட் நானா எனக்கு முன்னாலேயே பாமசியைத் திறந்து வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றார். முதலாளி கூட்ட, மருந்து கொடுப்பவள் பிந்தி வருகிறாள். விலகி வழி விட்டார். ஒருநாளும் ஏசுகிற ஆளில்லை.

பத்து மணிக்கு ஜீவராணி வந்தாள். நாலு கடை தள்ளியிருக்கும் புடவைக்கடையில் சாறி காட்டுகிறவள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம் அவளுடைய ஊர். இப்போது கிராண்ட்பாஸில் வாடகை அறை. லொறி ஓடும் புருஷன் திலக்ஷன், மூன்று வயதில் ஒரு மகள். பிள்ளை பிறந்த பிறகு உடம்பு வைத்துவிட்டது. போன வருடம் மனேஜர் அவளை முன்மேசையிலிருந்து எடுத்து மேல்மாடியில் பெட்டி உடைக்கப் போட்டாராம். சாறியைத் தோளில் போட்டுக் காட்டுகிறவள் பார்க்க நன்றாயிருக்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் எடுப்பது பசியை அடக்கும் குளிசை, மெலிவதற்கு. டொக்டர் மே மாதம் எழுதிக் கொடுத்தது, காலையில் ஒன்று, மூன்று மாதத்துக்கு மட்டும். ஒவ்வொரு மாதமும் பிரஷர் பார்த்து மருந்துத் துண்டில் குறித்திருக்கிறார். இது மூன்றாவது மாதம். ஒன்பது கிலோ குறைந்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து திரும்ப முன்மேசையாம். அதைச் சொல்லத்தான் மழையில் நனைந்து வந்திருக்கிறாள்.

போகும்போது, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இந்த வீதியில் என்னிடம் அதைக் கேட்கிற ஒரே ஆள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டொக்டர் நிறுத்திவிட்டாராம். போதும், இனிச் சாப்பாட்டையும் நடையையும் பார்த்துக்கொள் என்றாராம்.

"தீபாவளி முடியிற வரைக்கும் மட்டும் குடுங்க அக்கா. சீசன்ல திரும்ப மேல ஏத்திட்டாங்கன்னா அப்புறம் எறங்கவே மாட்டேன்."

துண்டு இல்லாமல் தர முடியாது என்றேன். அவள் மன்றாடவில்லை. ஓரமாக நகர்ந்து, அடுத்தவருக்கு இடம் விட்டு நின்றாள். ஒரு மணிக்கு ஹமீட் நானா தொழுகைக்குப் போனார். அவள் இன்னும் நின்றாள். சாப்பாட்டு நேரத்தை அப்படியே நின்று கழித்துவிட்டாள்.

கொடுத்தேன். முப்பது.

புத்தகத்தில் பழைய துண்டின் இலக்கத்தைப் போட்டேன். உறையில் "காலை 1" என்று எழுதினேன். குளிசையின் பெயரை எழுதவில்லை. யாராவது பார்த்தால் துண்டு எங்கே என்று கேட்பார்கள்.

ஏன் கொடுத்தேன்? அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க நன்றாயிருந்தது. அதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

திரும்பவும் முப்பது. இந்த முறை அவள் கேட்கவேயில்லை. வந்து நின்றாள், நான் எடுத்தேன்.

வாய் காய்கிறதாம். நித்திரை வருவதில்லையாம். "ராத்திரியில உடுப்பெல்லாம் தோய்ச்சி முடிச்சிடுறேன், நல்லதுதானே" என்றாள். மத்தியானம் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், எனக்கொரு கடுகுமஞ்சள் சாறியைத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு.

அக்டோபர் 3, வியாழன்

வேலை முடிகிற நேரம் வந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குது அக்கா. சாறிக் கட்டத் தூக்கிக்கிட்டு ஏறக்குள்ள நடுவுல உக்காந்துடுறேன்."

கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்து இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. நாள் முழுக்க நின்று வேலை செய்தால் அப்படித்தான் என்றேன். அவள் ஓமென்றாள்.

மூச்சு வாங்குதல், கால் வீக்கம். இவை வந்தால் குளிசையை நிறுத்தி, ஆளை டொக்டரிடம் அனுப்ப வேண்டும். படித்திருக்கிறேன். சிலருக்கு, மிகச் சிலருக்கு, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இறுகிப்போகும். இறுகினால் திரும்ப இளகுமென்று நம்ப முடியாது. பரீட்சையில் இதை எழுதித்தான் பாஸ் பண்ணினேன்.

இரத்தம் குறைந்திருக்கலாமே. அவள் சாப்பிடுவதே இல்லை. அதுவாகத்தான் இருக்கும்.

இதுதான் கடைசி என்று சொல்லி, முப்பது கொடுத்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

பதினொரு மணிக்குச் சனம் ஓடியது. புடவைக்கடைப் படியில் சாறி காட்டுகிற பிள்ளை விழுந்துவிட்டதாம். நான் வாசலில் நின்றேன், கையில் யாருக்கோ எடுத்த பாணி மருந்துப் போத்தல். ஆட்டோவில் ஏற்றும்போது கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தச் செருப்பு.

நாலு மணிக்குத் தொலைபேசி. உறையில் எங்கள் பாமசி இலக்கம் அச்சடித்திருக்கிறது. திலக்ஷன்.

"மிஸ், டாக்டருங்க கேக்குறாங்க, இவ குடிச்ச மாத்திரை என்னான்னு. பேக்குல ஒரு கவர் இருக்கு, பேரு போடல."

ஹமீட் நானா பக்கத்தில் நின்று பில் எழுதிக்கொண்டிருந்தார்.

"விற்றமின்" என்றேன்.

"வைட்டமினா? அப்ப இங்கயும் குடுக்கலாம்தானே?"

ஆட்கள் வந்துவிட்டார்கள், பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வார்ட்டில் வெளி மருந்து கொடுக்க விடமாட்டார்கள். விடமாட்டார்கள்தானே?

அக்டோபர் 29, செவ்வாய்

விற்றமின். ஏன் அந்தச் சொல் வந்தது? யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. ஆஸ்பிரின் என்று சொல்லவில்லை, தெரியாது என்று சொல்லவில்லை. ஒரு பிழையும் செய்யாத சொல்லாகப் பார்த்து எடுத்திருக்கிறன். அவ்வளவு கெதியா.

திலக்ஷன்ர இலக்கம் பாமசிப் போனில இருக்கு. நேற்று வந்த அழைப்பு. ஒருக்கா அமத்தினாப் போதும்.

நான் அமத்தேல்லை.

அக்டோபர் 30, புதன்

காலை றெயிலில் எனக்கு முன்னால் கடுகுமஞ்சள் சாறியில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். கொள்ளுப்பிட்டி வரை அவள் திரும்பவில்லை. திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில் நான் கடலையே பார்த்துக்கொண்டு போனேன். அவள் அங்கே இறங்கும்போது பார்த்தேன், வயதான மனிசி.

பாமசியில் ஒரு உறைக்கு மூன்று தரம் பெயர் எழுதினேன். இரண்டைக் கிழித்துப் போட்டேன். சுகமில்லையா என்று ஹமீட் நானா கேட்டார். புடவைக்கடைப் பிள்ளைக்கு நெஞ்சில் ஏதோவாம், இன்னும் என்னவென்று பிடிபடவில்லையாம் என்று அவரே சொன்னார். நான் அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் றேமண்ட் சோறு போட்டு வைத்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன். பொய்ச் சரக்குச் சீட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். என்ன நடந்ததென்று கேட்டார். சொன்னேன். எல்லாம்.

சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "நாளைக்கு எத்தினை மணிக்குப் பார்க்க விடுவினம்?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

பன்னிரண்டு மணிக்கு விட்டார்கள். றேமண்ட் வார்ட் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே நான்தான் போக வேண்டும் என்றார்.

ஜீவராணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒட்சிசன். படுத்தால் மூச்சு முட்டுமாம். உதடு கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணால் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கே வைப்பேன்?

பக்கத்துச் சின்ன அலுமாரியின் மேல் எங்கள் உறை. தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தது. எடுத்து எண்ணினேன். மூன்று மிச்சம். கணக்குப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் போதும். விழுந்த பிறகும் மூன்று போயிருக்கிறது.

"இன்னைக்குக் காலையிலயும் நான்தான் குடுத்தேன்" என்றான் திலக்ஷன். தீபாவளிக்கென்று மகளுக்கு வாங்கிய இனிப்புப் பொட்டலம் அவன் மடியில் இருந்தது.

டொக்டர் இளம் பெண். சிங்களத்தில் கதைத்தோம். குளிசையின் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாக எழுதினார். எப்போதிலிருந்து என்றார். மே மாதத்திலிருந்து. கடைசி மூன்று மாதமும் யார் எழுதிக் கொடுத்தது என்றார். யாருமில்லை, நான் கொடுத்தேன் என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏசவில்லை. நுரையீரலில் இரத்தம் கட்டியிருக்குமென்று மூன்று நாளாக அதற்குத்தான் மருந்து ஏற்றியிருக்கிறார்கள். ஸ்கானில் நுரையீரல் குழாய்களின் அழுத்தம் மட்டும் மிக அதிகமாக இருக்க, ஏனென்று விளங்காமல் இருந்திருக்கிறது. மெலியக் குளிசை ஏதும் எடுத்தாளா என்று முதல் நாளே கேட்டார்களாம். இல்லை, விற்றமின் மட்டும்தான் என்று புருஷன் சொல்லியிருக்கிறான்.

திங்களே தெரிந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். அந்த மூன்றும் உள்ளே போயிருக்கக் கூடாது, அது மட்டும் நிச்சயம் என்றார்.

திலக்ஷன் சிங்களம் அறிந்தவன். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன்.

"வைட்டமின்னு சொன்னீங்களே மிஸ்" என்றான். அவ்வளவுதான்.

நவம்பர் 1, வெள்ளி

ஹமீட் நானாவிடம் சொன்னேன். கதவைப் பாதி இறக்கிவிட்டு, கதிரையில் இருந்து கேட்டார். "பதினாலு வருஷமா சாவிய உங்கட கையிலதான் தந்திருந்தேன், டோரின்" என்றார். சாவியைக் கேட்கவில்லை. நானாக எடுத்து மேசையில் வைத்தேன்.

நவம்பர் 2, சனி

ஆத்துமாக்களின் நாள். மாதம்பிட்டிக் கல்லறையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினோம். பெட்டியில் இன்னும் ஒன்று இருந்தது. அது எப்போது என் கைக்கு வந்தது, எப்போது கொளுத்தினேன் என்று தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவளுக்குக் கல்லறையில் ஏன் திரி கொளுத்தினேன்?

ஊதி அணைத்தேன். அணைத்த பிறகு அதைவிடப் பயமாக இருந்தது. றேமண்ட் என்னை வாசலுக்குக் கூட்டிவந்தார்.

நவம்பர் 18, திங்கள்

மருத்துவச் சபைக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பக்கம். தட்டச்சு செய்த பெண், "விற்றமின்" என்ற இடத்தில் நிறுத்தி, சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டாள். சரி என்றேன்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

நாங்கள் இருப்பது நாலாம் மாடி. கொட்டாஞ்சேனைச் சந்தையில் சாமான் வாங்கி வருகிறவர்கள் மூன்றாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். பத்து வருடமாகக் கேட்ட சத்தம்தான். இப்போது ஒவ்வொரு முறையும் போய்க் கதவைத் திறக்கிறேன். பக்கத்து வீட்டு எவ்லின் அன்ரி, இன்றைக்கும் நான்தான் என்று சிரித்தா. நாலாவது தரமாம்.

ஜீவராணியை டிசம்பரில், நத்தாருக்கு முதல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஹமீட் நானா சொன்னார்.

"போய்ப் பாரன்" என்றார் றேமண்ட்.

"என்ன முகத்தோட?"

"இருக்கிற முகத்தோட."

ஜனவரி 26, ஞாயிறு

போனேன். கிராண்ட்பாஸில் அந்த ஒழுங்கையைக் கண்டுபிடிக்கவே ஒரு மணித்தியாலம். திலக்ஷன் கதவைத் திறந்து, கையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அவள் குரல், யாரு என்று. மெல்லிய குரல். இரண்டு சொல்லுக்கு நடுவில் நின்று மூச்செடுக்கிற குரல்.

"யாருமில்ல" என்றான்.

திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் முழுக்க அந்தச் சொல். அவன் சொன்னது சரிதான் என்று பட்டது. நான் அங்கே யார்?

ஏப்ரல் 8, செவ்வாய்

விசாரணை முடிந்தது. என் மருந்தாளர் பதிவு இரண்டு வருடத்துக்கு இடைநிறுத்தம். குறைவு என்று தோன்றியது. வெளியே வந்து நிழலில் நின்று அழுதேன். எனக்காகத்தான் அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஜீவராணி அழைத்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். கிளினிக்கில் சொல்வது விளங்கவில்லையாம். கடையில் விலை சொல்கிற சிங்களம்தான் அவளுக்கு. திலக்ஷன் லொறியில் தம்புள்ளைக்குப் போகிற நாட்களில் தனியாகப் போக வேண்டியிருக்கிறதாம்.

"வேற ஆளு தெரியாது. அதான் கேக்குறேன்" என்றாள்.

ஓமென்றேன். அக்கா என்று கூப்பிடவில்லை. வேறொன்றும் கூப்பிடவில்லை.

ஜூன் 5, வியாழன்

கிளினிக் வரிசையில் மூன்று மணித்தியாலம். எங்களுக்கு நடுவில் அவளுடைய பை. எலும்பும் தோலுமாக இருக்கிறாள், கால் மட்டும் வீங்கியிருக்கிறது.  தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாமென்று தலையாட்டினாள்.

டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழுக்க இறங்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் குளிசைகளை நிறுத்தவே கூடாது. இன்னொரு பிள்ளை கூடாது, வயிற்றில் உண்டானால் உயிருக்கே ஆபத்து. அதைப் பாதியில் விட்டுவிட்டேன். அவள் காத்திருந்தாள். திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

பிறகு அவளுடைய ஊர் எதுவென்று கேட்டார். மஸ்கெலியா என்றதும் தலையை அசைத்தார். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிசு. அங்கே போகக் கூடாது.

"எத்தன நாளைக்கி?" என்று ஜீவராணி என்னைக் கேட்டாள்.

நான் டொக்டரைக் கேட்டேன். அவர் சொன்னதைத் தமிழாக்க வேண்டியவள் நான். வேறு யாருமில்லை அந்த அறையில்.

"இனிமேல் எப்பவும்" என்றேன்.

ஜூலை 3, வியாழன்

கிளினிக். பஸ்ஸுக்கு நடந்து போகையில் இரண்டு இடத்தில் நின்று மூச்செடுத்தாள். புடவைக்கடையில் அவளுடைய இடத்தில் வேறு பிள்ளையாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா இராமலெட்சுமி தோட்டத்தில் செத்துப்போனா. கொழுந்து பறிக்கப் போய் வந்து படுத்தவ எழும்பவில்லையாம். நேற்றுக் காலை திலக்ஷன் என்னை அழைத்தான், அந்தப் பொய்க்குப் பிறகு முதல் தடவையாக. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தான் போக வேண்டும், இவளைத் தனியே விட முடியாது, விடவும் ஆளில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

போனேன். இந்த முறை கதவு திறந்திருந்தது. மருந்துகள் எங்கே, எந்த நேரம், மூச்சு முட்டினால் யாருக்கு அழைப்பது என்று எல்லாம் காட்டிவிட்டு அவன் போனான்.

ஒரு அறை, ஒரு கட்டில், வெளியே அடுப்பு. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். குடித்தாள். இன்று காலை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். திலக்ஷன் போனில் சாவீட்டைக் காட்டினான். மழை, பறைச் சத்தம், யாரோ ஒருவருடைய குடை. அம்மா இருந்த லயத்து வீட்டு வாசலைக் காட்டும்போது படம் நின்றுவிட்டது. மலையில் சிக்னல் இல்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் போலக் கேட்டாள், என்னைப் பார்க்காமல்.

"அன்னைக்கி ஏன் பொய் சொன்னீங்க?"

பத்து மாதமாக இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக. 

"பயந்திட்டன்" என்றேன்.

கவிழ்த்த போனைத் திருப்பி வைத்தாள்.

"நானும் பயந்துதான் கேட்டேன்" என்றாள். "மேல ஏத்திருவாங்கன்னு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அங்கே சவப்பெட்டியைத் தூக்குவார்கள் என்று திலக்ஷன் சொல்லியிருந்தான். மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்க அவள் கட்டிலை விட்டு இறங்கினாள். இருந்தபடியே கும்பிடலாம், டொக்டர் வீணாகக் களைக்கக் கூடாதென்றவர் என்றேன்.

"அம்மாவத் தூக்கக்குள்ள உக்காந்திருக்க முடியாது."

நின்றாள். மலை எந்தப் பக்கம் என்று அந்த அறையில் தெரியாது. வாசலைப் பார்த்துக் கை கூப்பினாள். உதடு கறுக்கத் தொடங்கியது, கழுத்து நரம்பு துடித்தது, உட்கார மறுத்தாள். நானும் பக்கத்தில் எழுந்து நின்றேன். வெளியே யாரோ பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள்.

கொஞ்சத்தில் அவள் கூப்பிய கை இறங்கியது. சாய்ந்தாள். அவளுடைய பாரம் முழுவதும் என் தோளில் இறங்கியது. அப்படியே, அவள் போதும் என்று சொல்லும்வரை நின்றோம்.